கடைக்குத் திரும்பிய லேப்டாப்பும் திரும்பாத கடனும்

1998 டிசம்பர் 28. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் இருந்த பிசி வேர்ல்டு கடைக்கு ஒருவர் லேப்டாப் வாங்கப் போகிறார். அவர் கேட்டது ஒன்றுதான்: மோடம் லேப்டாப்புக்கு உள்ளேயே பொருத்தியிருக்க வேண்டும்.

மோடம் என்றால் என்னவென்று இன்றைக்கு விளக்க வேண்டியிருக்கும். தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாக இணையத்தைப் பிடித்துத் தரும் கருவி. அப்போது வந்த லேப்டாப்புகள் எல்லாவற்றிலும் அது இருக்காது. வெளியே தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் இவருக்கு அது வேண்டாம்.

விற்பனையாளருக்கு அந்த மாடலில் மோடம் உண்டா இல்லையா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பது, இல்லையென்றால் திருப்பித் தந்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். விலை 1,499 பவுண்டு. கையிலிருந்து 50 பவுண்டு முன்பணம். மீதி 1,449 பவுண்டுக்குக் கடையிலேயே எச்எஃப்சி வங்கியின் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

வீட்டில் பெட்டியைப் பிரித்தார். மோடம் இல்லை. மறுநாளே லேப்டாப்பைக் கடைக்கே எடுத்துப் போய், முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், கடனை ரத்து செய்யுங்கள் என்றார். மேலாளர் முடியாது என்றார்.

கதை இவ்வளவுதான். இதற்கு முடிவு 2014 மார்ச் 26 அன்று லண்டனில், பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் முன்னால் வந்தது. தீர்ப்பின் எண் [2014] யுகேஎஸ்சி 21. வழக்குக்கு அந்த மனிதரின் பெயர்தான் என்றாலும், இங்கே அவரை வாடிக்கையாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த லேப்டாப் பழுதான பொருளில்லை. சுவிட்சைப் போட்டால் வேலை செய்திருக்கும். சட்டத்தின் கண்ணில் குறைபாடு என்பது உடைந்ததையும் ஓடாததையும் மட்டும் குறிக்காது; பேசியபடி இல்லாததும் குறைபாடுதான். தவணையில் வாங்கிய பலர் தடுமாறுவது இந்த இடத்தில். “நல்லாத்தானே வேலை செய்யுது” என்று கடைக்காரர் சொன்னதும் வாயடைத்துப் போய் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

வங்கி செய்தது

கடையோடு தகராறு என்றால் கடையோடு போயிருக்கும். வாடிக்கையாளர் வங்கிக்கும் தகவல் சொன்னார்: பொருளை ஏற்கவில்லை, திருப்பிவிட்டேன், ஆகவே கடன் ஒப்பந்தமும் ரத்து. வங்கி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடன் ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது, தவணையைக் கட்டியாக வேண்டும் என்று நின்றது. கடையில் என்னதான் நடந்தது என்று விசாரிக்கவும் இல்லை. அப்புறம் தவணை தவறியதற்கான நோட்டீஸ் வந்தது. அதற்கும் அப்புறம், இவர் கடன் தவறியவர் என்று எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ் ஆகிய இரண்டு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் வங்கி தகவல் அனுப்பியது.

வழக்கின் உண்மையான காயம் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. 1,449 பவுண்டு பெரிய தொகைதான், ஆனாலும் ஒரு மனிதர் சமாளித்துவிடக் கூடிய தொகை. கடன் தவறியவர் என்ற பதிவு அப்படிப்பட்டதில்லை. பிரிட்டனில் அந்தப் பதிவு ஆறு ஆண்டுகள் கோப்பில் இருக்கும். கிரெடிட் கார்டு, வீட்டுக்கடன் என்று எதற்கு விண்ணப்பித்தாலும் எதிரே இருப்பவர் முதலில் திறப்பது அந்தக் கோப்பைத்தான். அதில் இருப்பது ஒரு வரி. மோடம் இல்லை, மறுநாளே திருப்பினார், மேலாளர் மறுத்தார் என்பதெல்லாம் அந்த வரியில் இருக்காது.

இரண்டு ஒப்பந்தம், ஒரே மேஜை

தவணையில் ஒரு பொருளை வாங்கும்போது நமக்கு அது ஒரே வியாபாரமாகத் தெரிகிறது. ஒரே மேஜை, ஒரே பேனா, அதே விற்பனையாளர். சட்டம் பார்ப்பதோ இரண்டு ஒப்பந்தங்களை. முதலாவது உங்களுக்கும் கடைக்கும் நடுவே: அவர் பொருள் தர வேண்டும், நீங்கள் விலை தர வேண்டும். இரண்டாவது உங்களுக்கும் வங்கிக்கும் நடுவே: வங்கி உங்களுக்காகக் கடைக்குப் பணம் கொடுத்துவிடும், நீங்கள் வங்கிக்கு மாதாமாதம் கட்ட வேண்டும்.

கடைக்குப் பணம் உடனே போய்விடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் கொடுத்து வாங்கியவர் கடையோடு மட்டும் மல்லுக்கு நின்றால் போதும். தவணைக்காரருக்கு இரண்டு பக்கமும் இடி: கடை விலையைக் கையில் வைத்துக்கொண்டு கையை விரிக்கும், வங்கி “பொருளைப் பற்றிக் கடையில் கேளுங்கள், பணத்தைப் பற்றி மட்டும் எங்களிடம் பேசுங்கள்” என்னும்.

இந்தப் பந்தாட்டம் புதிதல்ல. பிரிட்டனில் நுகர்வோர் கடனை ஆராய்ந்த குரோதர் குழு 1971இல் அறிக்கை கொடுத்தது. கடையும் கடன் நிறுவனமும் கைகோத்து வியாபாரம் செய்கின்றன, லாபத்தை இரண்டும் பார்க்கின்றன. பொருள் மோசமாக இருந்தால் மட்டும் ஒருவர் ஒதுங்கி நிற்பது எந்த நியாயம் என்ற எண்ணம் அந்த அறிக்கையை ஒட்டிச் சட்டத்துக்குள் வந்தது. அப்படிப் பிறந்ததுதான் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம். அதன் 75ஆம் பிரிவு சொல்வதைச் சுருக்கினால்: கடை பொய்யான தகவல் சொல்லி விற்றிருந்தாலோ, ஒப்பந்தத்தை மீறியிருந்தாலோ, கடையின் மேல் உங்களுக்கு என்ன கோரிக்கை உண்டோ அதே போன்ற கோரிக்கை கடன் கொடுத்தவர் மேலும் உண்டு. இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. பொருளின் ரொக்க விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டைத் தாண்டாமலும் இருக்க வேண்டும்.

வங்கிக்கு இதில் அநியாயம் நடக்கவில்லையா என்று கேட்கலாம். அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வாடிக்கையாளருக்குக் கொடுத்ததைக் கடையிடமிருந்து வங்கி வசூலித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. கடை திவாலானால்தான் வங்கிக்குக் கை சுடும். அந்தக் கடையோடு கூட்டு வைக்கலாமா என்று பார்த்து முடிவு செய்ய ஆளும் வசதியும் உள்ளவர் வங்கிதான், முதல் முறையாகக் கடைக்குள் நுழையும் வாடிக்கையாளர் இல்லை. சட்டம் நஷ்டத்தை அந்தப் பக்கம் தள்ளியது சரியென்றே எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு தெளிவாக ஒரு பிரிவு இருக்கும்போது 15 ஆண்டுகளுக்கு மேல் எதற்கு இழுபறி?

“அதே போன்ற” என்ற சொல்

முதலில் அபர்டீன் ஷெரிஃப் நீதிமன்றம். ஷெரிஃப் என்றதும் குதிரையும் துப்பாக்கியும் நினைவுக்கு வந்தால் மறந்துவிடுங்கள். ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் என்பவர் நீதிபதி. 2008இல் அவர் வாடிக்கையாளர் பக்கம் தீர்ப்பளித்தார். கடைக்கும் அவருக்குமான ஒப்பந்தம் முறைப்படி ரத்தாகிவிட்டது, கடன் ஒப்பந்தமும் ரத்தாகிவிட்டது, வங்கி கவனக்குறைவாக நடந்துகொண்டது என்றார். நட்டஈடு மொத்தம் 1,16,674 பவுண்டு. அதில் 8,000 பவுண்டு அவருடைய கடன் நாணயத்துக்கு ஏற்பட்ட கேட்டுக்கு. 6,880 வட்டி வகையில் ஏற்பட்ட இழப்புக்கு. மிச்சம் 1,01,794 பவுண்டு, முன்பணம் புரட்ட முடியாமல் ஸ்பெயினில் வாங்க இயலாமல் போன ஒரு வீட்டுக்கு.

வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷனின் மேல்முறையீட்டு அமர்வு இன்னர் ஹவுஸ். அது 2010இல் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. அவர்களுடைய வாதத்தைப் புரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் அது அபத்தமான வாதமல்ல.

75ஆம் பிரிவு தருவது கடையின் மேல் உள்ளதைப் “போன்ற” கோரிக்கை. கடையின் மேல் வாடிக்கையாளருக்கு இருந்தது என்ன? விற்பனை ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை. வங்கியிடம் அவர் கேட்டது என்ன? கடன் ஒப்பந்தத்தை ரத்து செய்வது. விற்பனை ஒப்பந்தம் வேறு, கடன் ஒப்பந்தம் வேறு. ஒன்றை ரத்து செய்யும் உரிமை இன்னொன்றை ரத்து செய்யும் உரிமையாக மாறிவிடாது. ஆகவே கடன் ஒப்பந்தம் உயிரோடுதான் இருந்தது. அவர் தவணை தவறியவர்தான். வங்கி அனுப்பிய தகவல் உண்மைதான்.

இந்த இடத்தில் வழக்கு செத்துப் போயிருக்க வேண்டியது. வாடிக்கையாளர் விடவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பை எழுதியவர் லார்டு ஹாட்ஜ். மற்ற நால்வரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடித்தது, 75ஆம் பிரிவைப் பற்றி இன்னர் ஹவுஸ் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டதுதான். ஆமாம், அந்தப் பிரிவை வைத்து மட்டும் கடன் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்றார். பிறகு வேறு கதவைத் திறந்தார்.

இது எப்படிப்பட்ட கடன் என்று பாருங்கள். வாடிக்கையாளர் கையில் வங்கி காசைக் கொடுத்து, எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்று அனுப்பவில்லை. இன்ன கடையில், இன்ன பொருளை வாங்க என்று கட்டிவைத்த கடன். பணம் அவர் கையைத் தொடவே இல்லை. விற்பனை இருந்தால்தான் இந்தக் கடனுக்கே வேலை. ஆகவே இத்தகைய கடன் ஒப்பந்தத்துக்குள் ஒரு நிபந்தனை எழுதாமலேயே உட்கார்ந்திருக்கிறது: விற்பனை ஒப்பந்தம் நிலைத்தால்தான் கடன் ஒப்பந்தமும் நிலைக்கும். பொருளை ஏற்க மறுத்து விற்பனையை முறைப்படி ரத்து செய்தவர், அந்த நிபந்தனையைக் காட்டிக் கடன் ஒப்பந்தத்தையும் ரத்து செய்யலாம். சட்டப்பிரிவில் இல்லாததை, தீர்ப்புகள் வழியாக வளர்ந்த பொதுச் சட்டம் தந்தது.

அடுத்தது கவனக் கடமை. ஒருவரைக் கடன் தவறியவர் என்று மூன்றாம் நபருக்கு எழுதும் முன், அது உண்மையா என்று நியாயமான அளவுக்குப் பார்க்கும் கடமை தனக்கு உண்டென்பதை வங்கியே மறுக்கவில்லை. ஒப்பந்தம் ரத்தாகிவிட்டது என்று வாடிக்கையாளர் சொன்ன பிறகு, அப்படியா என்று விசாரித்து ஒரு முடிவுக்கு வர வேண்டியது வங்கியின் பொறுப்பு என்றது நீதிமன்றம். வங்கி விசாரிக்கவில்லை. கடமையை மீறியது.

சட்ட நுணுக்கங்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், 1999இல் வங்கியில் யாராவது ஒருவர் அபர்டீன் கடைக்கு ஒரு போன் போட்டு, அந்த மனிதர் மறுநாளே வந்தாரா, என்ன சொன்னார் என்று கேட்டிருந்தால் போதும். கடை ரத்தை மறுத்திருக்கலாம், ஆனால் இது தகராறில் இருக்கும் கணக்கு என்பதாவது தெரிந்திருக்கும். தகராறில் இருப்பதும் தவணை தவறியதும் ஒன்றல்ல.

வென்றவருக்குக் கிடைத்தது

8,000 பவுண்டு. ஷெரிஃப் கொடுத்த மூன்று தொகைகளில் முதலாவது மட்டும்.

ஸ்பெயின் வீட்டுக்கான தொகை திரும்பவில்லை. அந்த இழப்புக்குச் சாட்சியங்கள் போதாது என்பது இன்னர் ஹவுஸின் கருத்து. இத்தகைய மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் பார்க்கக் கூடியது சட்டக் கேள்விகளை மட்டுமே; சாட்சியங்களைத் திரும்ப எடை போட அதற்கு அதிகாரமில்லை. அதனால் கொள்கையில் முழு வெற்றி, பணத்தில் சொற்ப வெற்றி. இவ்வளவு காலம் வழக்கு நடத்திய ஒருவரிடம் போய் நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று சொன்னால் என்ன முகபாவம் காட்டுவார் என்று நான் யோசித்திருக்கிறேன்.

இதில் படிக்க வேண்டிய ஒரு பாடம் ஆதாரம் பற்றியது. கடன் பதிவு கெட்டதால் நாணயம் கெட்டது என்று காட்டுவது சுலபம். அதனாலேயே இன்ன வீடு கைநழுவியது, வேறு காரணம் இல்லை என்று காட்டுவது மிகக் கடினம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம், கேட்ட வட்டி விகிதம், கிடைத்த வட்டி விகிதம், பேசிய தேதி எல்லாவற்றையும் அன்றன்றே எடுத்து வைத்திருந்தால்தான் ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் நிற்கும்.

அதே லேப்டாப், இன்றைக்கு

அந்த வழக்கு நடந்த காலத்துச் சட்டத்தில் பொருளைத் திருப்பித் தர நாள் கணக்கு இல்லை. “நியாயமான காலம்” என்ற வழுக்கலான சொல்தான் இருந்தது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அதற்கு எண் கொடுத்தது. பொருள் திருப்தியான தரத்தில் இல்லையென்றாலோ, நீங்கள் சொன்ன தேவைக்குப் பொருந்தவில்லை என்றாலோ, வர்ணித்தபடி இல்லையென்றாலோ 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். மறுநாளே திரும்பிய அந்த மோடம் இல்லாத லேப்டாப் இன்றைக்கு இதற்குள் கச்சிதமாக அடங்கிவிடும்.

30 நாள் கழிந்துவிட்டால் கடைக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும்: பழுது பார்த்துத் தருவது அல்லது மாற்றித் தருவது. ஒருமுறை பழுது பார்த்தும் சரியாகவில்லை என்றால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். “இன்னொரு தடவை பார்த்துடறோம் சார்” என்று நாலாவது முறை கேட்கும் கடைக்காரருக்கு இணங்க வேண்டிய கட்டாயமில்லை. முதல் ஆறு மாதத்தில் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பாடு. ஆனால் 30 நாள் உரிமையைப் பயன்படுத்துகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. குறை ஆரம்பத்திலேயே இருந்தது என்பதை அவர்தான் காட்ட வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

கார் வாங்குகிறவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். தவணையில் வாங்கும் கார்களில் பல ஹையர் பர்ச்சேஸ் வகையில் போகின்றன. அங்கே முக்கோணம் மாறிவிடும்: கடை காரை ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கு விற்கிறது, அந்த நிறுவனம் உங்களுக்கு வாடகைக்கு விடுகிறது, கடைசித் தவணை வரை வண்டி அவர்களுடையது. ஆகவே குறைபாட்டுக்கு நேரடிப் பொறுப்பு ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கே. 75ஆம் பிரிவைத் தேடிப் போக வேண்டாம், அதன் 30,000 பவுண்டு வரம்பும் குறுக்கே வராது. ஷோரூம்காரரிடம் ஆறு வாரம் அலைந்துவிட்டு, கடைசியில் ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கு எழுதுகிறவர்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

மாறாக, வங்கியில் தனிநபர் கடன் வாங்கி, பணம் உங்கள் கணக்கில் விழுந்து, அதை எடுத்துப் போய்க் கடையில் கொடுத்தீர்கள் என்றால் இந்தப் பாதுகாப்பு எதுவும் வங்கியின் மேல் செல்லாது. உங்கள் சண்டை கடையோடு மட்டும். கடனின் பெயரைப் பார்க்காதீர்கள், பணம் எந்த வழியாகப் போனது என்று பாருங்கள்.

இந்த வழக்கைப் படித்துவிட்டு, சரி, பொருளைத் திருப்பியதும் தவணையை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. அவர் ஜெயித்தார்தான், ஆனால் கடன் பதிவு கெட்ட பிறகு, அத்தனை ஆண்டுகள் கழித்து. ரத்து செல்லுமா செல்லாதா என்பது முடிவாகும் வரை, ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டி வருவது பாதுகாப்பு; உரிமை உங்கள் பக்கம் என்று முடிவானால் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம்.

கடிதம் ஒரே நாளில் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். கடைக்கு எழுதியதன் நகல் வங்கிக்கும். அதில் “எனக்குத் திருப்தியில்லை” என்று எழுதினால் அது புகார், அவ்வளவுதான். இந்தத் தேதியில் வாங்கினேன், இது குறை, பொருளை ஏற்க மறுக்கிறேன், விற்பனை ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், அதனால் கடன் ஒப்பந்தத்தையும் ரத்து செய்கிறேன், விசாரித்து முடிக்கும் வரை கடன் தகவல் நிறுவனங்களுக்கு எதிர்மறைத் தகவல் அனுப்பாதீர்கள் என்று எழுதினால், 2014 தீர்ப்பு சொன்ன விசாரிக்கும் கடமை வங்கியின் மேஜையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது.

வங்கிக்கு எட்டு வாரம் அவகாசம். அதற்குள் இறுதிப் பதில் வரவில்லை என்றாலும், வந்த பதில் பிடிக்கவில்லை என்றாலும், நிதி நிறுவனங்கள் மேல் வரும் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் நிதி ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நுகர்வோர் கடன் புகார்கள் முழுவதுமாக அந்த ஒம்பட்ஸ்மன் வரம்புக்குள் வந்தது 2007 ஏப்ரல் 6 அன்று. அபர்டீன் லேப்டாப்புக்கு அப்போது எட்டு வயது தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டே ஷெரிஃப்பின் தீர்ப்பும் வந்துவிட்டது.